2147483647: கணினி நிற்கும் எல்லையும் ஆய்லர் கண்ட பகா எண்ணும்

2038 ஜனவரி 19 அன்று உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பிப்போகும் என்ற செய்தி அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தியோடு ஓர் எண்ணும் கூடவே வரும்: 2147483647. நம் வழக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. எண்கணித நூல்களைப் புரட்டினாலும் இதே எண் கிடைக்கும். அங்கே கணினியைப் பற்றிய பேச்சே இருக்காது. 1772இல் கணித அறிஞர் லியோனார்ட் ஆய்லர் பகா எண் என்று நிறுவிய எண் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். இரண்டையும் படித்தவருக்கு, பகா எண் என்பதால்தான் கணினியை வடிவமைத்தவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

யாரும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கணினியில் இது எல்லையாக நிற்பதற்குக் காரணம் இதன் வடிவம். பகா எண்ணாக அமைந்தது எண்கணிதத்தின் வேறொரு கதை. இரண்டு தன்மைகளும் ஒரே எண்ணில் சேர்ந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொண்ட ஓர் இடமும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்ணின் வடிவம்

2ஐ 2ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கினால் 2, 4, 8, 16, 32 என்று போகும். 31 இரண்டுகளைப் பெருக்கினால் 2147483648 வரும். அதை 2³¹ என்று எழுதுகிறோம். நம் எண் அதிலிருந்து ஒன்று குறைவு: 2³¹ − 1.

பத்தடிமானத்தில் எழுதும்போது இதில் எந்த ஒழுங்கும் தெரிவதில்லை. 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், வேறெதுவும் இருக்காது. பத்தடிமானத்தில் 999 என்பது எப்படி மூன்று இலக்கத்துக்குள் அடங்கும் கடைசி எண்ணோ, அப்படி 31 இரும இலக்கங்களுக்குள் அடங்கும் கடைசி எண் இது. இரும இலக்கத்தைத்தான் பிட் என்கிறோம்.

32 பிட் இருந்தும் 31 ஒன்றுகள் ஏன்?

கணினி நினைவகத்தில் ஒரு முழு எண்ணுக்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வந்த வழக்கமான இடம் 32 பிட். மிகை எண்ணோடு குறை எண்ணையும் எழுத வேண்டும் என்றால், முதல் பிட் குறியைக் காட்டப் போய்விடுகிறது. மிச்சம் 31.

சிறிய அளவில் செய்து பார்த்தால் தெளிவாகும். நான்கு பிட் மட்டுமே உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்.

1. முதல் பிட் 0 என்றால் எண் சுழியம் அல்லது மிகை. 0000 என்பது 0. 0111 என்பது 7. அதற்கு மேல் மிகை எண் கிடையாது.
2. முதல் பிட் 1 என்றால் எண் குறை. இங்கே முதல் பிட்டின் மதிப்பு −8. எனவே 1000 என்பது −8. 1111 என்பது −8 + 7, அதாவது −1.
3. 0111உடன் 1ஐக் கூட்டினால் இரும முறைப்படி 1000 வரும். கணினி அதை −8 என்று படிக்கும். 7உடன் ஒன்றைச் சேர்த்தால் −8.

இந்த மூன்றாவது நிலைக்குத்தான் வழிதல் என்று பெயர். 32 பிட்டில் 2147483647உடன் ஒன்று சேர்ந்தால், பல கணினிகளில் விடை −2147483648 ஆகிவிடுகிறது. கணினி பெரும்பாலும் எச்சரிப்பதுகூட இல்லை. தவறான எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. இந்தக் கோளாறின் ஆபத்தே அதுதான்.

எல்லை உடைந்த இடங்கள்

1. 2014 டிசம்பரில், தென் கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ காணொளி 214 கோடிப் பார்வைகளை நெருங்கியபோது, யூடியூப் தன் பார்வைக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. ஒரு காணொளியை இத்தனை முறை பார்ப்பார்கள் என்று தொடக்கத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

2. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் அவற்றின் மென்பொருள் கணக்கி வழிந்து, எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் செயலிழக்கக்கூடும் என்று அது எச்சரித்தது. நொடியின் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து எண்ணினால் 2³¹ வரை போக எவ்வளவு காலம் ஆகும்? 2147483648ஐ 100ஆல் வகுத்து நொடியாக்கி, 86400ஆல் வகுத்து நாளாக்கினால் 248.55. ஆணையில் இருந்த நாள்கணக்கோடு இது பொருந்துகிறது. இடையிடையே மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டுத் தொடங்குவதுதான் அப்போதைக்குச் சொல்லப்பட்ட தீர்வு.

3. 2022 ஜனவரி 1. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சேவையகங்கள் பலவற்றில் புத்தாண்டு பிறந்ததும் அஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. தீநிரலைச் சோதிக்கும் பகுதி, ஆண்டு, மாதம், நாள் முதலியவற்றை ஒட்டி ஒரே எண்ணாக எழுதி வைத்திருந்தது. 2021இல் அந்த எண் 21 என்று தொடங்கியது. டிசம்பர் 31ஆம் தேதிக்குரிய எண்கூட 211231 என்றுதான் தொடங்கும் என்பதால் எல்லைக்குள் அடங்கியது. புத்தாண்டில் அது 2201010001 ஆனது. 2147483647ஐவிடப் பெரிது. 32 பிட்டில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது நிகழ்ச்சிதான் எனக்கு மிகவும் கற்றுத்தருவதாகப் படுகிறது. அங்கே எதையும் 214 கோடி முறை யாரும் எண்ணவில்லை. தேதியை எண்ணாக எழுதலாம் என்று ஒருவர் எடுத்த சாதாரண முடிவு போதுமானதாக இருந்தது.

2038இல் நடக்கப்போவது என்ன?

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் நேரத்தை, 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக வைத்திருக்கின்றன. உலகப் பொது நேரம்தான் இதற்கு அடிப்படை. இந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்தால், 2038 ஜனவரி 19 அன்று அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அது 2147483647ஐத் தொடும். இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் எண் குறையாகப் புரளும். கணினி 1901 டிசம்பர் 13 என்று நினைத்துக்கொள்ளும்.

எல்லாக் கணினிகளும் நின்றுவிடும் என்பது மிகை. இன்றைய கைப்பேசிகளும் மேசைக்கணினிகளும் பெரும்பாலும் 64 பிட்டில் நேரத்தை வைக்கின்றன. அந்த எண்ணிக்கை நிரம்ப ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். 32 பிட் கருவிகளிலும் 64 பிட் நேரத்தைக் கையாளும் வசதி லினக்ஸ் இயங்குதளத்தின் கருவத்தில் 2020இல் வெளிவந்த 5.6ஆம் பதிப்போடு வந்து சேர்ந்தது. கவலைப்பட வேண்டியவை, ஒருமுறை நிறுவியபின் யாரும் திறந்து பார்க்காத கருவிகள்: ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், பழைய ரவுட்டர்கள், தரவுத்தளங்களில் 32 பிட்டாகவே விடப்பட்ட தேதிப் புலங்கள்.

சிக்கல் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பதும் இல்லை. இருபது ஆண்டு வீட்டுக்கடன் ஒன்றை 2019இல் எழுதினால், கடைசித் தவணைத் தேதி 2039இல் விழும். 32 பிட்டில் தேதி வைக்கும் நிரல் அன்றே தடுமாறியிருக்கும்.

பகா எண் என்ற தன்மை

இனிக் கணிதத்தின் பக்கம். தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றைவிடப் பெரிய முழு எண் பகா எண். மற்றவை பகு எண்கள். 2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மாரென் மெர்சென் 1644இல் இத்தகைய அடுக்குகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் 31 இருந்தது. 67உம் 257உம்கூட இருந்தன. அவை இரண்டும் தவறு. 61, 89, 107 ஆகியவை விட்டுப்போயின. பட்டியலில் இருப்பதால் மட்டும் எதையும் நம்ப முடியாது என்பதற்கு இதுவே சான்று.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். இரும முறையில் இது கண்ணுக்கே தெரியும். 2¹⁵ − 1 என்பது பதினைந்து ஒன்றுகள். அவற்றை மும்மூன்றாகப் பிரித்தால் 111 111 111 111 111. ஒவ்வொரு கட்டும் 7. ஆகவே முழு எண்ணும் 7ஆல் வகுபடும்: 32767 = 7 × 31 × 151.

அடுக்கு பகா எண்ணாக இருப்பது தேவை; ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2²³ − 1 = 47 × 178481. 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. 31இல் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆய்லர் செய்த கணக்கு

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது அதற்கு இருந்தே தீரும். 46340இன் வர்க்கம் 2147395600. 46341இன் வர்க்கம் 2147488281. எனவே 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 4792. கையால் செய்யும் ஒருவருக்கு இது மலைப்பூட்டும் வேலை. 1772இல் ஆய்லருக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் வகுக்கத் தொடங்கும் முன்பே பெரும்பாலான எண்களைத் தள்ளிவிட வழி கண்டார். அந்த வழி இதுதான்.

1. ‘ப’ என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐப் ‘ப’வால் வகுத்தால் மீதி 1. 2இன் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் ‘ப’வால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுற்றில் திரும்பத் திரும்ப வரும். 31 பகா எண் என்பதால் அந்தச் சுற்றின் நீளம் 31 ஆகத்தான் இருக்க முடியும்.

2. ஃபெர்மாவின் தேற்றப்படி 2இன் (ப − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே ப − 1 என்பது 31இன் மடங்கு. ‘ப’ ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால், ப − 1 என்பது 62இன் மடங்கு.

3. 2³¹ மீதி 1 தருவதால் 2³² மீதி 2 தரும். 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். அதாவது ‘ப’வால் வகுக்கும்போது 2 ஒரு வர்க்கத்தின் மீதியாக வருகிறது. இது நடக்க வேண்டுமானால் ‘ப’வை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும்.

4. இந்த நிபந்தனைகளை இணைத்தால் ‘ப’வுக்கு இரண்டே வடிவங்கள்தாம் மிஞ்சுகின்றன: 248இன் மடங்கோடு 1, அல்லது 248இன் மடங்கோடு 63.

46340க்குள் இந்த வடிவங்களில் 1ஐ விட்டால் 373 எண்களே உள்ளன. அவற்றிலும் பகு எண்களைக் கழிக்கலாம். 63, 249, 497, 559 எல்லாம் பகு எண்கள். முதலில் நிற்பது 311. வகுத்துப் பார்த்தால் 311 × 6905092 = 2147483612; மீதி 35. அது காரணி இல்லை. அடுத்து 745, 807, 993, 1055, 1241 எல்லாமே பகு எண்கள். 1303 மட்டும் பகா எண். அதன் மீதி 226. அதுவும் இல்லை. இப்படியே 46340 வரை போனால் வகுக்க வேண்டியவை எண்பதுக்குப் பக்கத்தில்தான் வரும். 4792இலிருந்து எண்பது! ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை என்று ஆய்லர் கண்டார். பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெரிவித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் இதுவாகவே இருந்தது.

இங்கே வந்த 248க்கும் விமானத்தின் 248 நாளுக்கும் தொடர்பே கிடையாது. இது 8 × 31. அது நொடியை நாளாக்கியபோது கிடைத்த பின்னத்தின் முழுப்பகுதி.

இன்று இதைவிடக் குறுக்கு வழி உண்டு. 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இதையே 29 முறை செய்து இறுதியில் சுழியம் வந்தால் பகா எண். இது லூக்கா–லேமர் சோதனை. சிறிய எண்ணான 31இல் (2⁵ − 1) செய்து பார்க்கலாம்: 4, 14, பிறகு 194இன் மீதி 8, பிறகு 62இன் மீதி 0. மூன்றே படிகள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, நான்கு கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணை உறுதிசெய்யவும் இந்தச் சோதனை உதவியது.

எந்தெந்த வகைகளில் சேரும்?

1. பகா எண்களின் வரிசையில் இதன் இடம் 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565. இது வரையுள்ள எண்களில் ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று பகா எண்.

2. மெர்சென் பகா எண்களில் எட்டாவது. அடுக்காக நிற்கும் 31உம் மெர்சென் பகா எண் என்பதால் இது இரட்டை மெர்சென் பகா எண். இந்த வகையில் அறியப்பட்டவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. நம் எண்ணையே அடுக்காக்கி இன்னொரு மெர்சென் எண் செய்தால் பகா எண் வருமா என்று கேட்கலாம். வராது. 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை 295257526626031 மீதியின்றி வகுக்கிறது. இந்தக் காரணியும் ஆய்லரின் இரண்டாம் படிக்குக் கட்டுப்பட்டதே: 2 × 68745 × 2147483647 + 1.

3. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாகும் எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தருகிறது. நம் எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண் வரும்: 2305843008139952128. 1811இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண் கண்டுபிடிக்கப்பட வாய்ப்பில்லை என்று எழுதினார். இவற்றால் பயனேதும் இல்லாததால் யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியதும் இதைவிடப் பெரிய நிறைவெண் கைக்கு வந்துவிட்டது.

4. இரட்டைப் பகா எண்களில் சேராது. இரண்டு குறைந்தால் 2147483645, 5ஆல் வகுபடும். இரண்டு கூடினால் 2147483649, 3ஆல் வகுபடும்.

5. இருமடங்கோடு ஒன்றைக் கூட்டினாலும் பகா எண்ணாகவே வரும் பகா எண்ணுக்கு சோஃபி ஜெர்மேன் பகா எண் என்று பெயர். நம் எண்ணில் அது 4294967295 ஆகிறது. 3 × 5 × 17 × 257 × 65537 என்று அழகாக உடைகிறது. எனவே அந்த வகையிலும் சேராது.

6. 8ஆல் வகுத்தால் மீதி 7. அதனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது, மூன்றின் கூட்டலாகவும் முடியாது. நான்கு தேவை.

மற்ற பிட் அளவுகளில்

கணினியில் வழங்கும் நான்கு அளவுகளின் எல்லைகளையும் அருகருகே வைத்தால் தொடக்கத்தில் சொன்ன தற்செயல் விளங்கும். 8 பிட்டின் எல்லை 127, பகா எண். 16 பிட்டின் எல்லை 32767, பகு எண். 32 பிட்டில் நம் எண். 64 பிட்டின் எல்லை 9223372036854775807. அதன் அடுக்கு 63 என்பதால் உடனே பகு எண் என்று சொல்லிவிடலாம், 7ஆல் வகுபடும். எல்லா எல்லைகளும் ஒரே விதியில் பிறந்தவை. பகா எண்ணா இல்லையா என்பதைக் கணினி பொருட்படுத்துவதே இல்லை.

இரண்டு தன்மையும் பயன்பட்ட இடம்

விளையாட்டு நிரல்களுக்கும் உருவகப்படுத்தும் ஆய்வுகளுக்கும் தற்போக்காகத் தோன்றும் எண்கள் நிறையத் தேவை. 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் ஒரு முறையைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர்: கையில் உள்ள எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும்.

வகுஎண் பகா எண் என்பதாலும், 16807 அதற்கேற்றபடி தேர்ந்த பெருக்கி என்பதாலும், 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்தபின்தான் வரிசை மீண்டும் தொடங்கும்.

வடிவம் உதவுவது வகுக்கும் வேலையில். 282475249 × 16807 = 4747561509943. இதை நம் எண்ணால் வகுக்கத் தேவையில்லை. இரும வடிவில் கடைசி 31 பிட்டைத் தனியாகவும், அதற்கு மேலுள்ளதைத் தனியாகவும் வெட்டி எடுத்தால் 1622647863, 2210 என்று இரண்டு எண்கள் கிடைக்கும். கூட்டினால் 1622650073. அதுதான் மீதி! பத்தடிமானத்தில் இலக்கங்களைக் கூட்டி 9ஆல் வகுத்த மீதியைக் காணும் முறையும் இதே அடிப்படையில் அமைந்தது.

சி++ மொழியின் தர நூலகத்தில் இந்த முறை இன்றும் இருக்கிறது. 1இல் தொடங்கிப் பத்தாயிரமாவது முறை கிடைக்க வேண்டிய எண் 1043618065 என்று அந்தத் தரமே வரையறுத்து, நிரலைச் சரிபார்க்க வழி வைத்திருக்கிறது. கடவுச்சொல், வங்கிப் பரிமாற்றம் போன்ற மறைபொருள் வேலைகளுக்கு மட்டும் இதைத் தொடவே கூடாது. வரிசையில் ஓர் எண் தெரிந்துவிட்டால், மேலே செய்ததுபோல ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போட்டு அடுத்ததை எவரும் சொல்லிவிடலாம்.